பொட்டலத்தின் குட்டிகள்

ஹாம்ஸ்டர் என்கிற குட்டை வால் எலியை வளர்க்கிற வீட்டில் முதலில் தொலைவது தூக்கம்தான். வாங்கும்போது கடையில் இதை யாரும் சொல்வதில்லை. பகலெல்லாம் மரச்சீவலுக்குள் புதைந்து கிடக்கும் அந்தப் பிராணி, வீட்டு விளக்கு அணைந்ததும் எழுந்து கூண்டுக்குள் இருக்கும் சக்கரத்தில் ஏறிவிடும். ஏறினால் லேசில் இறங்காது. எங்கேயும் போய்ச் சேராத ஓட்டத்தை அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும். அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்த்தேன். சத்தம் குறைந்தது, ஓட்டம் குறையவில்லை. சத்தமில்லாமல் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டே படுத்திருப்பது அதைவிடத் தொல்லை.

நீங்கள் முதலில் குழந்தையைப் பற்றிக் கேட்பீர்கள் என்று நினைத்தேன், இன்ஸ்பெக்டர் மேடம். எலிக்குட்டிகளைப் பற்றிக் கேட்டீர்கள். எதிலிருந்து தொடங்கினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் கால் ஆடிக்கொண்டே இருப்பதைக் கவனிக்கிறீர்கள். பயமில்லை. கொஞ்ச காலமாகவே அப்படித்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், நடந்தால் எதையாவது எடுத்து வேறு இடத்தில் வைக்கத் தோன்றும்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன். கண்ணைச் சோதித்து, லென்ஸ் தேய்த்து, பிரேமில் பொருத்தித் தருவது வரை எல்லாம் நானே. இந்தத் தொழிலில் ஒரு ஒழுங்கு உண்டு. வந்து உட்காருகிறவரிடம் உங்களுக்கு இப்படித்தான் தெரிகிறது என்று நாம் சொல்லக் கூடாது. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். தனக்கு என்ன தெரிகிறது என்பதை அவரே சொல்வார். என் வாழ்க்கையில் நான் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை.

மனைவி போன பிறகுதான் எனக்கு இருப்புக் கொள்ளாமல் போனது. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால்கூட மனதுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். "உங்க கூட இருந்தா மூச்சு முட்டுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் எல்லா ஜன்னலும் திறந்துதான் இருந்தது. அவள் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள், எப்போது வருவாள் என்று கேட்பேன். அக்கறை இருக்கிறவன்தானே கேட்பான். பிறகு ஒரு பேக்கரிக்காரரைக் கட்டிக்கொண்டாள். கை முழங்கை வரை மாவு ஒட்டிக்கொண்டிருக்கும் மனிதர். நல்லவர்தான், அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. கடைக்கு மேலேயே வீடு.

விவாகரத்து முடிந்துவிட்டது. மகள் யாரிடம் இருப்பது என்பது மட்டும் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் பள்ளிக்கூட நாட்களில் என்னிடம், சனி ஞாயிறு அவளிடம் என்று ஏற்பாடு. மகளை நான் வாலு என்று கூப்பிடுவேன். பெயருக்கேற்ற மாதிரி ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். எட்டு வயது. முன் பல் இரண்டும் புதிதாக முளைத்து, முகத்துக்குப் பெரிதாக இருக்கும்.

பிறந்தநாளுக்கு அவள் அம்மா வாங்கிக் கொடுத்ததுதான் அந்த ஹாம்ஸ்டர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளையும் கூண்டுமாக வாசலில் வந்து நின்றார்கள். மகள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. தீனியை வாய்க்குள் இரண்டு பக்கமும் அடக்கிக்கொண்டு முகம் பொட்டலம் கட்டின மாதிரி உப்புவதைப் பார்த்து அதற்குப் பொட்டலம் என்று பெயர் வைத்தாள். நான் முகம் சுளிக்கவில்லை. கூண்டைக் கழுவினேன், சீவல் மாற்றினேன், தண்ணீர்ப் புட்டியின் முனையில் இருக்கும் குண்டு அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

பொட்டலம் கடையில் இருந்தபோதே சினையாகத்தான் இருந்திருக்கிறது. கடைக்காரருக்கே தெரியவில்லை. ஒரு நாள் காலையில் சீவலுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம். பார்த்தால், தோலுரித்த வேர்க்கடலை மாதிரி ஐந்து குட்டிகள், கண் திறக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மகள் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். சத்தம் போட்டால் குட்டிக்கு ஆகாது என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். அவர் ஒரு பாட்டம் சொல்லித் தீர்த்தார். "தொடாதீங்க சார். எட்டிக்கூடப் பாக்காதீங்க. கூண்டு மேல துணியப் போட்டு மூடிடுங்க. தீனியையும் தண்ணியையும் வச்சிட்டு அந்தப் பக்கமே போகாதீங்க. அது பயந்துச்சுன்னா, குட்டிங்களக் காப்பாத்த முடியாதுன்னு நெனச்சு தானே தின்னுடும்."

மகளிடம் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது என்பதை மட்டும் சொன்னேன். அவள் வீட்டுக்குள் நுனிக்காலில் நடக்க ஆரம்பித்தாள். தும்மல் வந்தால் மாடிப்படிக்கு ஓடிப் போய்த் தும்மிவிட்டு வருவாள். ஆனாலும் பிள்ளைதானே. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துணியை ஒரு ஓரமாகத் தூக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சீவலின் மேல் ஒரு சின்னக் காலும் கொஞ்சம் தோலும் கிடந்தன.

"யாருப்பா பண்ணாங்க?"

"அதோட அம்மாதான்."

"அம்மாவேவா?"

"அம்மாவேதான்."

"ஏன்ப்பா?"

கடைக்காரர் சொன்னதில் பாதியைத்தான் சொன்னேன். "சில அம்மாங்க அப்படித்தான், வாலு." மீதிப் பாதியைச் சொல்லியிருந்தால், துணியைத் தூக்கிப் பார்த்ததால்தான் இப்படி ஆனது என்று பிள்ளை உடைந்து போயிருப்பாள். ஒரு தகப்பன் அதைச் செய்வானா?

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை அவள் அம்மா அழைத்துப்போக வந்தபோது மகள் வயிறு வலிக்கிறது என்று போர்வைக்குள் சுருண்டுகொண்டாள். நெற்றியில் கை வைத்துப் பார்க்க வந்த அம்மாவின் கையைப் பார்த்ததும் சுவர்ப் பக்கமாக நகர்ந்தாள். என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. "சரிடா தங்கம், அடுத்த வாரம் வா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அன்று முழுக்க மகள் என் மடியை விட்டு இறங்கவில்லை. ரொட்டியைப் பாலில் தோய்த்து ஊட்டிவிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்கு எனக்கு அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வந்தது. சக்கரம் ஓடியதா என்றுகூடத் தெரியாது.

இதைச் சொல்வதற்குக் காரணம், நான் எதையும் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்த முதல் குட்டியைத் தின்றது தாய்தான். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

பிள்ளைகள் மனதில் எதுவும் தங்காது. நாலு நாளில் எல்லாம் மறந்துவிட்டாள். "பொட்டலம் இனிமே பண்ணாதுப்பா. நான் அதுகிட்டப் பேசிட்டேன்" என்றாள். மீதிக் குட்டிகளுக்கு முதுகில் லேசாக மயிர் துளிர்த்து, பொட்டலமும் அவற்றைக் காலடியில் இழுத்துப் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டு, குறை சொல்ல முடியாத தாயாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை மகள் தானாகவே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். ஞாயிறு சாயங்காலம் திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, அம்மா வயித்துல பாப்பா இருக்கு. கை வச்சுப் பாத்தேன், உதைக்குது. நான் அங்கயே இருந்து பாப்பாவப் பாத்துக்கட்டுமா? நீ வேணா சனி ஞாயிறு வாயேன்."

நீ வேணா சனி ஞாயிறு வாயேன். என் மகள் என்னிடம் சொன்னது.

அடுத்த மாதம் நீதிமன்றத்தில் அவளையே கூப்பிட்டுக் கேட்கப் போகிறார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்த வாரம் எனக்குக் கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை. கடையில் ஒரு லென்ஸைத் தேய்த்துத் தேய்த்து விளிம்பையே உடைத்தேன். ஒருவருக்கு வலது கண் கண்ணாடியை இடது பக்கம் பொருத்திக் கொடுத்து, அவர் தடுமாறிக்கொண்டு திரும்பி வந்தார். என் அனுபவத்தில் அப்படி நடந்ததே இல்லை.

அடுத்த குட்டி போனது ஒரு வெள்ளிக்கிழமை காலையில்.

போனது என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறீர்கள். சரி, சரியான வார்த்தையிலேயே சொல்கிறேன். நான் எடுத்தேன். மகள் எழுந்திருக்கும் முன்பு, பொட்டலம் ஓடிக் களைத்துத் தூங்கும் நேரத்தில். கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியை விரலில் சுற்றிக்கொண்டேன். வலி இருந்திருக்காது. என் விரல்கள் நுணுக்கமான வேலைக்குப் பழகியவை. மயிரிழை போன்ற திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவேன். முழுவதையும் எடுத்துவிட்டால் காணாமல் போனதாகத்தான் ஆகும், தேட ஆரம்பித்துவிடுவாள். அதனால் கொஞ்சம் விட்டுவைத்தேன். பொட்டலத்தின் மூக்கருகேயும் ஒரு துளி ரத்தம் தடவிவிட்டேன். அது தூக்கத்திலேயே நக்கிக்கொண்டது.

அன்று மகள் அழவில்லை. கூண்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல அம்மா மாதிரியே நடிக்குதுப்பா" என்றாள். அந்த வார்த்தை நான் சொன்னதில்லை, மேடம். அவளாகக் கண்டுபிடித்தது.

அப்புறம் அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்று. இடையில் ஒரு புதன்கிழமையும் உண்டு. அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பார்க்கப் போகிறாள் என்று தெரிந்த நாள். நான் கொடுமைக்காரன் இல்லை. ஒவ்வொரு முறையும் மகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "அப்பாங்க தின்ன மாட்டாங்கள்ல?" என்று கேட்பாள். மாட்டார்கள் என்பேன். அது உண்மைதானே.

கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சியது. இருந்ததிலேயே நோஞ்சான், உடம்பில் மயிர் வந்தும் கண் இன்னும் திறக்கவில்லை. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இதையாவது காப்பாத்தலாம்ப்பா. அதுகிட்டருந்து எடுத்துடலாம்."

காப்பாற்ற வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால் நாம் என்ன செய்வோம்? வழி காட்டுவோம். கையால் தொட்டால் வாசனை ஒட்டும், கரண்டியால் எடுக்க வேண்டும் என்றேன். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சு பரப்பி, மேலே சீவல் தூவி, மூடியில் கூர்மையான பென்சிலால் ஓட்டை போடச் சொன்னேன். வெளிச்சம் படாத இடமாகப் பார்த்துக் கட்டிலுக்கடியில் வைத்தோம். சொட்டு மருந்துக் குழாயால் பால் கொடுத்தோம். முதல் நாள் அது குடிக்கவில்லை. மறுநாள் நாக்கை நீட்டிக் குடித்தது. பிறகு கண் திறந்தது. மிளகு மாதிரி இரண்டு கண். "நான்தான்ப்பா காப்பாத்தினேன்" என்று மகள் சொன்னபோது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தக் குட்டியை நான் தொடவே இல்லை.

பொட்டலத்துக்குத் தீனி வைப்பது மகளின் பொறுப்பு. அவள் வைப்பதை நிறுத்திவிட்டாள். தண்ணீர்ப் புட்டியையும் நிரப்பவில்லை. எனக்குத் தெரியும். பெரியவர்கள் எல்லாவற்றிலும் தலையிடக் கூடாது. முதலில் சக்கரம் மெதுவாக ஓடியது. பிறகு விட்டு விட்டு ஓடியது. பிறகு ஓடவில்லை. அதற்குப் பின் வீட்டில் வந்த அமைதியில் எனக்குச் சுத்தமாகத் தூக்கமே இல்லை. எழுந்து எழுந்து போய்க் கூண்டு இருந்த மூலையைப் பார்த்துவிட்டு வருவேன்.

நீதிமன்றத்தில் ஒரு பெண் ஆலோசகர் மகளைத் தனியாக அழைத்துப் பேசினார். வரைவதற்குக் கலர் பென்சில் எல்லாம் கொடுத்தார்களாம். வெளியே வந்து என்னிடம் கேட்டார்: "அம்மாவப் பத்திப் பிள்ளைகிட்ட யாராவது ஏதாவது சொன்னீங்களா சார்?"

"ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லைங்க" என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன். அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைப் பார்ப்பது என் தொழில். யார் பார்த்தாலும் எனக்குக் கூச்சமில்லை.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. மகள் என்னிடம், அவளாக விருப்பப்பட்டால் அம்மாவைப் போய்ப் பார்க்கலாம். வராந்தாவில் என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மாதம் நிறைந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து பிரிந்த பிறகும்கூட என்னிடம் "நீங்க" போட்டுத்தான் பேசுவாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, "என்ன பண்ண நீ அவள?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணலையே."

"என்னப் பாத்து நடுங்குறா. கிட்டப் போனா கழுத்த மறைச்சுக்குறா. என்ன பண்ண?"

பேக்கரிக்காரர் அவள் தோளைப் பிடித்து அழைத்துப் போனார். போகும்போது திரும்பி, "சார், பிள்ளைய டாக்டர்கிட்டக் காட்டுங்க. ரொம்ப எளச்சுட்டா" என்றார். அவருக்கு அது தேவையில்லாத விஷயம். ஆனால் இளைத்திருந்தாள் என்பது வாஸ்தவம். ராத்திரி எழுந்து கட்டிலுக்கடியில் டப்பா மூடியிருக்கிறதா என்று பார்ப்பாள். என்னைப் போலவே ஆகிவிட்டாள், ஒரு இடத்தில் இருக்க மாட்டாள். எனக்கு அது ஒரு வகையில் துணையாக இருந்தது.

அவள் அம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தம்பியைப் பார்க்க வா என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மகள் போனைக் கையால் தொட மாட்டாள். பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், தட்டைப் பார்த்தபடியே, "நான் போறேன்ப்பா" என்றாள். "பாப்பாவ ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

நானே கொண்டுபோய் விட்டேன். பேக்கரிக்காரர் கடை வாசலுக்கே ஓடி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பன்னை எடுத்து மகளிடம் நீட்டினார். மேலே மாடியில் என் மனைவி ஜன்னலோரம் நின்று அழுதுகொண்டே சிரித்தாள். நான் என் கடைக்குப் போய்விட்டேன்.

மீதியை நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் சொல்லித்தான் தெரியும். மகள் சமர்த்தாகத் தொட்டிலுக்கருகில் உட்கார்ந்திருந்தாளாம். அவள் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லையாம். "குளிச்சுட்டு வந்துடறேன், தம்பியப் பாத்துக்கிறியா?" என்று கேட்டாளாம். பெற்றவளே நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். குளித்துவிட்டு வந்தால் தொட்டில் காலி. மகள் பால்கனியில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாளாம். "பத்திரமா இருக்கான்" என்றாளாம். எங்கே என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. உலுக்கிக் கேட்டால், பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்" என்றாளாம்.

அப்போதுதான் எனக்குப் போன் வந்தது. ஆமாம், வந்தது. அதை நான் மறுக்கவில்லை.

"அவகிட்டப் பேசுங்க. எங்க வச்சிருக்கான்னு கேளுங்க. உங்ககிட்டத்தான் சொல்லுவா. சீக்கிரம், உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்." மறுபடியும் நீங்க.

கடையில் ஒரு பெரியவர் சோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணை மூடி, பாதி லென்ஸ் போட்டிருந்தேன். நடுவில் விட்டால் திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். "கஸ்டமர் இருக்காங்க, கொஞ்சம் பொறு" என்று போனை வைத்துவிட்டேன். பிறகு அவருக்கு எழுத்துகளைக் காட்டினேன். இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா. அவருக்கு எழுத்து சாய்ந்து மங்கும் குறை கொஞ்சம் அதிகம், லென்ஸின் கோணத்தைத் திருப்பித் திருப்பித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. போன் மறுபடி மறுபடி அதிர்ந்தது. அவசரத்தில் கண் சோதித்தால் ஒருவருடைய பார்வையே போய்விடும். வேலையை முடித்து, பிரேம் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு, நான் கூப்பிட்டபோது அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

பேக்கரிக்காரர்தான் கண்டுபிடித்திருக்கிறார். கட்டிலுக்கடியில், பழைய துணிகள் போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி. துணியை வெளியே எடுத்து அலமாரிக்குப் பின்னால் அடுக்கிவிட்டு, உள்ளே பஞ்சைப் பரப்பி, குழந்தையை வைத்து, மூடியில் பென்சிலால் ஓட்டை போட்டிருந்தாள். மூடி கெட்டி, பென்சில் முனை ஒடிந்து, இரண்டு மூன்று ஓட்டைதான் முழுதாக விழுந்திருந்தது. குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது என்றீர்கள். என் மனைவி அதை வாரி எடுத்துத் தரையில் கிடத்தி, வாயோடு வாய் வைத்து ஊதியிருக்கிறாள். மகள் அதைப் பார்த்துவிட்டு, "தின்னாத, தின்னாத" என்று அலறிக்கொண்டு அம்மாவின் முடியைப் பிடித்து இழுத்தாளாம். பேக்கரிக்காரர் அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாராம். பிறகு குழந்தை இருமி, மூச்சை இழுத்து, அழுததாம். அழுகையைக் கேட்டதும் மகள் திமிறுவதை நிறுத்திவிட்டாளாம். அம்மாவின் வாயையும் குழந்தையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாளாம்.

குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கண் திறக்கிறான், ஆனால் கண் எதன் பின்னாலும் போகவில்லை என்று டாக்டர்கள் சொல்வதாகச் சொன்னீர்கள். விளக்கை நகர்த்திப் பார்த்தார்களா என்று கேளுங்கள். தேவையானால் நான் வந்து சோதித்துச் சொல்கிறேன். அது என் தொழில்.

எனக்கு முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டீர்கள். எதை மறைக்க வேண்டும்? அதற்கு முந்தின வாரம் மகள் என்னிடம் கேட்டாள்: "அப்பா, மனுஷக் குட்டின்னா எவ்வளவு பெரிய டப்பா வேணும்?" பெரியதாகவே வேண்டும் என்றேன். பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது. அன்று காலையில் அவள் பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டிருந்தது. உள்ளே பஞ்சுச் சுருள் இருந்தது, சொட்டுக் குழாய் இருந்தது, கூர் சீவின பென்சில் இருந்தது. பஞ்சின் நுனிதான் ஜிப்பில் மாட்டியிருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு, ஜிப்பை மூடி, பையை அவள் தோளில் மாட்டிவிட்டேன். தெரியும், மேடம். அந்தப் போன் வந்தபோதும் எந்த இடத்தில் தேடச் சொல்ல வேண்டும் என்று தெரியும். இரண்டே வார்த்தை. கட்டிலுக்கு அடியில் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் இதில் நான் யாரையும் கை நீட்டித் தொடவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவியைப் பற்றி மகளிடம் ஒரு பொய்கூட நான் சொன்னதில்லை. வேண்டுமானால் மகளையே கேளுங்கள்.

ஏற்கெனவே கேட்டுவிட்டேன் என்கிறீர்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம்: "அப்போ பொட்டலத்தோட குட்டிங்கள யாரு தின்னாங்க?" அதனால்தான் நீங்கள் எலிக்குட்டியிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். இப்போது புரிகிறது.

அவளை ஐந்து நிமிடம் என்னிடம் விடுங்கள், நானே பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன் என்று உங்கள் ஆளிடம் சொன்னேன். போய்க் கேட்டுவிட்டு வந்தார். வர மாட்டாளாம். வராந்தாவில் என் குரல் கேட்டதுமே அவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டாளாம். என் மகள் தானாக அப்படிச் செய்கிறவள் இல்லை, மேடம். யாரோ பிள்ளையின் மனதைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். அது யார் என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.